சீட்டுக்கு அடியில் ஒரு சார்ஜர்

மீன் விற்கும் சகாயமேரியின் மின்சார ஸ்கூட்டரில், காலையில் திரை கம்பீரமாக ‘120 கிலோமீட்டர் ஓடும்’ என்று காட்டும். ஒருநாள் அதை நம்பிப் போனவள், சார்ஜ் தீர்ந்து பாதி வழியிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து சீட்டுக்கு அடியில் சார்ஜரையும் தூக்கிக்கொண்டுதான் போவாள். அப்படியும் பயம் போகாமல், விற்காத பாதிக் கூடை மீனோடு உச்சிவேளைக்கு முன்பே திரும்பிவிடுவாள்.

“உன் சவடாலுக்கு நான் வெயிலில் வேகிறேன்,” என்று எரிந்து விழுந்தது சார்ஜர்.

“நான் பொய் சொல்லவில்லை. கம்பெனியில் சோதித்தபோது நூற்றிருபது ஓடியதே!” என்றது திரை.

“அங்கே மீன்கூடை இருந்ததா? கடற்காற்று எதிரே அடித்ததா?”

திரை மறுநாள் கூடையின் கனத்தையும் காற்றையும் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு ‘68’ என்று காட்டியது.

“மாதாவே! ராத்திரி ஒழுங்காத்தானே சார்ஜ் போட்டேன்?” என்று பதறினாள் சகாயமேரி.

ஆனால் ஓட ஓட, அந்தக் கணக்கு ஒரு கிலோமீட்டர்கூடப் பிசகவில்லை. அடுத்த நாளும் பிசகவில்லை.

அதற்கடுத்த நாள் அவள் சார்ஜரை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, இதுவரை போகத் துணியாத பக்கத்து ஊருக்கு வண்டியைத் திருப்பினாள். உச்சிவேளை தாண்டியும் அவள் திரும்பவில்லை. ஆணியில் தொங்கிய சார்ஜர் நிம்மதியாகத் தூங்கியது.