விராலின் செதில்

மூன்று வருடம் முன்பு ஏரி அடியோடு வற்றியது. அத்துடன் விரால் இனமும் அழிந்தது என்று முடிவாகி, நாளை மீன்வளத் துறையினர் ஜிலேபி மீன் குஞ்சுகளை விடப் போகிறார்கள். வற்றிய ஏரியில் பிழைத்த ஒரு விராலைக் காட்டினால் நிறுத்துவதாக ஆராய்ச்சியாளர் வளர்மதியிடம் சொல்லியிருந்தார்கள்.

இன்று ஏகாம்பரத்தின் வலையில் ஒன்று சிக்கியது.

“தண்ணி வந்தப்புறம் எவனாவது குஞ்சு கொண்டாந்து விட்டிருப்பான். செதிலைப் பார்த்து ஜாதகமா எழுதப் போறீங்க? சந்தைக்கு நேரமாவுது மேடம்.”

வளர்மதி ஒரே ஒரு செதிலை எடுத்துக் கரையிலிருந்த நுண்ணோக்கியில் வைத்தாள். வருடத்துக்கொன்றாக ஐந்து வளையங்கள். நடுவில் இரண்டு மட்டும் மயிரிழை இடைவெளியில் நெருங்கியிருந்தன. ஏரி வற்றிய வருடம். அந்த வருடம் மீன் வளரவில்லை. சாகவும் இல்லை.

“இதுக்கு அஞ்சு வயசுங்க.”

ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

“அந்தக் காஞ்ச சேத்துக்குள்ள எங்கடா ஒளிஞ்சிருந்த?” என்று மீனிடம் கேட்டபடி வாளியைச் சாய்த்தார்.

விரால் ஆழத்துக்குப் போகவில்லை. ஓரத்துக் கோரைப் புதருக்குள் நுழைந்தது. வளர்மதியும் இறங்கி அருகில் வந்து நின்றாள்.

கோரை அசைந்தது, இரண்டு இடத்தில்.