தலைவரின் ‘ம்’

தொலைபேசி மறுபடியும் அடித்தது.

அவன் தலைவரின் படுக்கையறைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தலைவர் கண்ணயர்வார். போர் தொடங்கிய பிறகும் அதில் மாற்றமில்லை. குண்டு விழும்போதும் தூங்குகிற நெஞ்சுரம் என்று வானொலி அதற்குத் தனி நிகழ்ச்சியே நடத்தியது.

தலைவர் தூங்கவில்லை.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தலையணையைத் தலைக்கு மேல் மடித்து, இரண்டு காதையும் அழுத்திக்கொண்டிருந்தார்.

அவனைப் பார்த்ததும் ஒரு கையை மட்டும் எடுத்தார். உதட்டில் விரலை வைத்தார். பிறகு கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

தூங்குகிறேன் என்று சொல்.

அவன் கதவைச் சாத்தினான்.

முன்னறைச் சுவரில் தொங்கிய தலைவர் மட்டும் வெகுதூரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொலைபேசி விடவில்லை. அவன் வேலை காபி கொடுப்பது. தொலைபேசியை எடுப்பதல்ல. ஆனால் காலையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருப்பது தளபதி, ஆற்றங்கரையிலிருந்து. அந்தக் கரையில்தான் அவன் மகன் தென்னரசு, முதல் வரிசையில்.

எடுத்தான். ஐயா தூங்குறாங்க என்று சொல்லத்தான் எடுத்தான்.

“ஐயா, பசங்க தண்ணியில இறங்க ரெடியா நிக்கிறாங்க. அக்கரையில பீரங்கி வந்திருச்சு. பரவாயில்ல, தாண்டிரலாங்களா?”



தலைவர் யாருக்கும் ‘சரி’ என்று சொன்னதில்லை. ‘வேண்டாம்’ என்றும் சொன்னதில்லை. சரி என்றால் ‘ம்’. வேண்டாம் என்றால் பேசாமல் இருப்பார். நாடு இந்த இரண்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ‘ம்’மின் ஆழத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவர்களும் உண்டு.

அவனுக்கு இருமல் முட்டிக்கொண்டு வந்தது.

வாயைப் பொத்தினான். கண்ணில் நீர் கட்டியது. ஒரு கனைப்பு போதும். அத்தனை பேரும் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள்.

எதிர்முனை காத்திருந்தது.

“அப்ப... திரும்பிரலாங்களா, ஐயா?”

மூக்கு வழியாக, கொஞ்சம் சலிப்போடு, கடைசியில் லேசாக இறங்கி. காபி கொடுக்கும்போதெல்லாம் தலைவரிடம் கேட்டதுதான்.

“ம்.”

சாயங்காலம் வானொலி போர் நின்றதாகச் சொன்னது. நம் படை திரும்பியதைப் பார்த்து அக்கரைக்காரர்களும் திரும்பிவிட்டார்களாம். ஒற்றை மனிதரின் தீர்க்கதரிசனம் என்றது. தெருவில் வெடி வெடித்தார்கள். முதல் வெடிக்குத் தலைவர் சற்றே குனிந்துகொண்டார்.

செய்தி முடிந்ததும் வானொலியை அணைத்தார். திரும்பி அவனைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவன் காபித் தட்டை ஏந்தியபடி நின்றான்.

“நான் வீட்டுக்குப் போகலாங்களா, ஐயா? பையன் வர்றான்.”

தலைவர் ஒன்றும் சொல்லவில்லை.

தொலைபேசி அடித்தது.

தலைவர் எழுந்து வந்து காபியைத் தானே எடுத்துக்கொண்டார்.

தொலைபேசியை அவன் பக்கம் நகர்த்தினார்.