பதினாலாம் நிமிஷத்து டப்பா

"பிரியாணி டப்பாவை நம்ம அக்ரஹாரத்துக் குப்பையிலே காட்டினா, தெருவோட மானம் என்னாறது?"

சங்கச் செயலாளர் சாம்பசிவன் இதே வாக்கியத்தை நாலாவது தடவையாகச் சொன்னார். ஒரு எழுத்து மாறவில்லை.

"மானம் இருக்கிறவனா இருந்தா டப்பாவை அலம்பிப் போட்டிருப்பான்," என்றாள் அனந்தலக்ஷ்மி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிழக்கேகோட்டையில் சாம்பசிவன் வீட்டு மாடி. அனந்தலக்ஷ்மி நடத்துகிற வாசகர் வட்டம். காடு, ஆறு, கடல் என்று வருஷத்தில் ஒன்பது புத்தகம் படித்து முடித்த தெம்பில் இந்த வாரம் படம்.

காலேஜில் சினிமா படிக்கும் அஸ்வதி, இந்தத் தெருவில் மாசம் ஒரு தடவை பிளாஸ்டிக் மூட்டை எடுக்க வரும் பூமாரியைப் பற்றி இருபது நிமிஷப் படம் எடுத்திருந்தாள். சனிக்கிழமை காலேஜ் விழாவில் போட வேண்டும். அதற்குத் தெருச் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டும்.

பதிமூன்று நிமிஷம் எல்லோரும் ரசித்துத் தலையாட்டினார்கள். பதினாலாவது நிமிஷத்தில் பூமாரி, பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் ஷெட்டில் இந்தத் தெரு மூட்டை ஒன்றைப் பிரித்துக் கொட்டினாள். அலம்பிக் காயவைத்த பால் கவர்களுக்கு நடுவே ஒரு பிரியாணி டப்பா. உள்ளே மசாலா காய்ந்து ஒட்டியிருக்க, மூன்று கோழி எலும்பு.

அதோடு லேப்டாப்பை நிறுத்தச் சொல்லிவிட்டார் சாம்பசிவன்.

"அந்த இடத்தை வெட்டிடு கொழந்தே. இல்லேன்னா கையெழுத்து கிடையாது."

"வெட்டினா படமே இல்ல மாமா. அதாக்கும் படத்தோட ஜீவன்." அஸ்வதி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வெட்டிடலாமே. சின்ன ஷாட்தானே," என்றார் அனந்தலக்ஷ்மியின் கணவர் நீலகண்டன்.

"உங்களை யாராவது கேட்டாளா?"

நீலகண்டன் வாயை மூடிக்கொண்டார். முப்பது வருஷப் பழக்கம்.

அனந்தலக்ஷ்மி கான்வென்ட்டில் படித்தவள். தப்புச் செய்தவர் எழுந்து நிற்கிற வரைக்கும் வகுப்பு கலையாது என்பது அவள் ரத்தத்தில் ஊறின சட்டம்.

"எலும்பு எனக்குப் பெரிசில்லை. இந்தக் காலத்திலே யார் எதைத் தின்னா யாருக்கென்ன? எச்சில் டப்பாவை இன்னொருத்தி கையாலே எடுக்க விடறோமே, அதுதான் அசிங்கம். அந்த ஆத்துக்காரா தானே எழுந்து நிக்கட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் போப்படாது."

அவள் பார்வை எதிர்வீட்டு மாடி போர்ஷனில் குடியிருக்கும் சுமந்த் மேல் போய் நின்றது. ஐ.டி. வேலை, தனிக்கட்டை.

"என்னை ஏன் மாமி பாக்கறேள்? நான் வாங்கறது கோபி மஞ்சூரியன்."

யாரோ சிரித்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"அப்போ அவளையே கேட்டுடறேன். யாராத்து மூட்டைன்னு அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?"

கடைசி நாற்காலியில் பூமாரி உட்கார்ந்திருந்தாள். படத்தில் தன் முகத்தைப் பார்க்கப் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்தவள். மகள் அஜிதாவைச் சனிக்கிழமை காலேஜுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியும் வைத்திருந்தாள். இப்போது சேலைத் தலைப்பைத் திருகித் திருகிக் கயிறாக்கியிருந்தாள்.

"சொல்லு பூமாரி. யாராத்து மூட்டை?"

பூமாரி அஸ்வதியைப் பார்த்தாள். சாம்பசிவன் முன்னால் கிடந்த கடிதத்தைப் பார்த்தாள். மெதுவாக எழுந்தாள்.

"எந்த வீடும் இல்லம்மா. அது நான் தின்ன டப்பா. ஷெட்டுல மத்தியானம் தின்னுட்டு, கை மறதியா அந்த மூட்டையிலயே போட்டுட்டேன்."

மாடி முழுக்க ஒரே பெருமூச்சு.

"அதானே பாத்தேன்," என்று சாம்பசிவன் பேனாவைத் திறந்தார். "அவ சாப்பாடு, அவ ஷெட்டு. இதிலே நமக்கென்ன? படம் பேஷா போகட்டும்."

"விஷயம் தீர்ந்துது. காப்பி வரட்டும் ஓய்," என்றார் நீலகண்டன். இவ்வளவு உற்சாகமாக அவர் பேசிப் பார்த்து வருஷமாகிவிட்டது.

அனந்தலக்ஷ்மிக்கும் உள்ளூர நிம்மதிதான். நாளைக்குத் தெருவில் எந்த முகத்தையும் கோணலாகப் பார்க்க வேண்டாம். ஆனாலும் நாக்கு சும்மா இருக்க வேண்டுமே.

"ஊருக்கெல்லாம் அலம்பிப் போடுங்கோன்னு வாசல் வாசலா வந்து சொல்றவ நீ. நீயே இப்படிப் பண்ணலாமோ?"

"தப்புதாம்மா."

அஸ்வதி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பூமாரி கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

கடிதம் கைக்கு வந்தது. காப்பியும் வந்தது. மீதி ஆறு நிமிஷப் படத்தையும் பார்த்துக் கைதட்டினார்கள். "அப்பம் சனிக்கிழமை எம் மகளைக் கூட்டிட்டு வரலாம்லா?" என்று பூமாரி கேட்டதற்கு, அஸ்வதி அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் கலைந்து, அனந்தலக்ஷ்மி கணவரோடு படியிறங்கி வந்தபோது கீழே வாசலில் பூமாரி தனியாக நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்க நிற்கிறாள் போலிருக்கிறது என்று அனந்தலக்ஷ்மிக்கு மனசு இளகியது.

"போறும், விடு. நானும் நாலு பேர் முன்னாலே கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன். இனிமே பாத்து நடந்துக்கோ."

நீலகண்டன் சட்டென்று குனிந்து, காலில் போட்டிருந்த செருப்பையே தேட ஆரம்பித்தார்.

பூமாரி தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"சரிம்மா. மாசாமாசம் உங்க மூட்டையில வாரதுதான். தின்னுட்டுப் போகட்டும், திட்டாதீங்க. டப்பாவை மட்டும் கழுவிப் போடச் சொல்லுங்கம்மா, சார்ட்ட."