நடுக்கடலில் ஒரு சவரம்

கத்தி தொண்டைக்குழியின் மேல் நின்றது. "அசையாத. அசைஞ்சா நான் பொறுப்பில்ல" என்றான் கத்தி வைத்திருந்தவன். நாற்காலியில் இருந்தவன் எச்சில்கூட விழுங்கவில்லை.

பயப்படாதீர்கள், சவரம்தான். உல்லாசக் கப்பலின் சலூன் அது. நல்ல காலத்தில், டிக்கெட் வாங்கும்போதே இங்கே முடி வெட்டிக்கொள்ளவும் நேரம் கேட்டு வைத்துவிடுவார்கள் பயணிகள். இப்போது எங்கே பார்த்தாலும் நோய். துறைமுகம் எல்லாம் கதவைச் சாத்திவிட்டது. பயணிகளை இறக்கிவிட்டு மாதக்கணக்காகிறது. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டுச் சும்மா கிடக்கிறது கப்பல், ஊழியர்கள் மட்டும் உள்ளே.

கம்பெனி எப்போதாவது ஒரு விமானம் பிடித்து, ஊழியர்களில் ஒரு கூட்டத்தை ஊருக்கு அனுப்பும். பேர் வந்தவன் முதல் வேலையாகச் சலூனுக்குத்தான் ஓடி வருவான். காடாக வளர்ந்த தலையோடு பெண்டாட்டி பிள்ளை முன்னால் போய் நிற்க முடியுமா? யாராவது வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் கிளம்புகிறான் என்று அர்த்தம்.

இன்றைக்கு உட்கார்ந்திருந்தவன் சலூன்காரனின் அறைத்தோழன். கப்பல் ஆபீசில் கிளார்க். விமானத்தில் யாரை ஏற்றுவது என்று பேர் போட்டுக் கொடுப்பதே அவன் வேலைதான். "போனா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போறோம்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவனும் அவனேதான்.

"அப்போ நாளைக்குக் கிளம்பற?"

"ம்."

"என் பேரு?"

"இந்தத் தடவையும் வரலடா. அடுத்ததுல பாப்போம்."

இதற்கு முன் மூன்று விமானம் போயாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமே சலூன்காரனின் பிழைப்பாகிவிட்டது. அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குப் போக வேண்டும், மனைவியைப் பார்க்க வேண்டும்.

அவள் மட்டும் என்ன? தினமும் வீடியோவில் வந்ததும் வராததுமாக, "தேதி ஏதாச்சும் தெரிஞ்சுதாங்க?" என்றுதான் கேட்பாள். "இல்லம்மா" என்றால் பெரிதாக ஒரு மூச்சு விடுவாள். நீங்கள் வருவதற்குள் வெள்ளையடிக்கப் போகிறேன் என்று சாமான்களைக்கூட அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் சுவரோரமாக அந்தப் பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று அவளுக்குச் சமாதானம் சொல்வான்.

தன் போனுக்கு சிக்னல் கிடைக்காத நாளில் அவள் தவித்துப்போவாளே என்று, கிளார்க்கின் நம்பரையும் அவளுக்குக் கொடுத்து வைத்திருந்தான். "அண்ணா" என்று அவளும் மரியாதையாகப் பேசுவாள். அவ்வளவு நம்பிக்கை அவன் மேல்.

"நேத்து சமையல்காரர் முடி வெட்ட வந்தாரு" என்றான் சலூன்காரன், கத்தியை நகர்த்தாமல்.

"சரி."

"'லிஸ்ட்ல உன் பேரு ஒவ்வொரு தடவையும் வந்துச்சே, கிளார்க்குத் தம்பிதானே கடைசி நேரத்துல எடுத்துடுது'ன்னு என்கிட்ட சொன்னாரு."

கிளார்க் கண்ணை மூடிக்கொண்டான்.

"இல்லன்னு சொல்லேன்டா. பொய்யாவாவது சொல்லித் தொலையேன்!"

"எடுத்தது நான்தான்."

சலூன்காரன் கத்தியை மேசை மேல் விட்டெறிந்தான். அது கையில் இருந்தால் கை என்ன செய்யும் என்று அவனுக்கே நம்பிக்கை இல்லை. அதற்குப் பதில் முடி வெட்டுகிற மெஷினை எடுத்தான். நெற்றியில் வைத்துப் பிடரி வரைக்கும் ஒரே இழுப்பு. தலை நடுவே ரோடு போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"இப்படியே போ! கூட இருந்தவன் முதுகுல குத்துனவன்டான்னு ஊரே பாத்துச் சிரிக்கட்டும். என்னடா குறை வெச்சேன் உனக்கு? காய்ச்சல்ல நீ சுருண்டு கிடந்தப்போ எவன்டா பக்கத்துல உக்காந்திருந்தான்? அங்க ஒருத்தி எப்போ வருவாருன்னு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா. அவ பாவம் உன்னச் சும்மா விடுமா?"

கிளார்க் தலையைத் தடவிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் வழித்தாலும் வாங்கிக்கொள்வான் போலிருந்தது. கழுத்தைச் சுற்றிய துணியோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் பார்த்தால் அவன் கண்ணிலும் தண்ணீர்.

"பேசேன்டா! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கேக்காதடா. வாக்குக் கொடுத்துட்டேன். மனசு மாறும், மாறும்னு நானும் பாத்தேன்."

"எவன் மனசு? எவனுக்காகடா என் பேர எடுத்த?"

கிளார்க் எழுந்து நின்றான். கன்னத்தில் பாதி நுரை, தலையில் பாதி முடி. சிரிப்பு வரவேண்டிய கோலம்தான். அவன் சலூன்காரனின் தோளைப் பிடித்துத் தன் நாற்காலியில் மெல்ல உட்கார வைத்தான்.

"எவனுக்காகவும் இல்லடா. 'நான் வீட்டக் காலி பண்ணிட்டுப் போற வரைக்கும் அவர அனுப்பிடாதீங்கண்ணா'ன்னு உன் பொண்டாட்டிதான் அழுதா."