கூடு காலியாகும் நாள்

"கூட்டுல கை வச்சீங்கன்னா நடக்கறதே வேற!"

தையற்காரி கத்தரிக்கோலோடு ஜன்னலுக்குக் குறுக்கே நின்றாள். வெளித் திட்டில் ஒரு புறா இரண்டு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. துடைப்பத்தோடு வந்த வீட்டுக்காரரின் மாப்பிள்ளை இரண்டடி பின்வாங்கினார்.

அந்த மாடி அறையில் அவர் கடை போட வேண்டுமாம். பன்னிரண்டு வருடமாக அங்கே தைக்கிறவள் உடனே காலி செய்ய வேண்டுமாம். வேறு தெருவுக்குப் போனால் வாடிக்கை போச்சு. வாடிக்கை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. மாப்பிள்ளைக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தாள். பெண்ணைக் கொடுத்த மனிதர், மாப்பிள்ளை முகம் கோணும்படி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

"குஞ்சு பறக்கட்டும் ஐயா. அன்னைக்கே போயிடறேன்."

"எத்தனை நாள் ஆகும்?" என்றார் மாப்பிள்ளை.

"பொரிய பதினெட்டு நாள், பறக்க ஒரு மாசம்" என்றார் வீட்டுக்காரர்.

"சரி, எழுதிக் குடுக்கட்டும்."

அவள் எழுதியதை வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். "'குஞ்சு பறந்ததும்'னு மொட்டையா எழுதாதே. 'முட்டையோ குஞ்சோ இல்லாமல் கூடு காலியாகும் நாளில்'னு தெளிவா எழுதும்மா."

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த மனிதருக்கு இத்தனை கறாரா என்று அவள் மனதுக்குள் பொருமினாள்.

பகலில் ஆணும் இரவில் பெண்ணும் முறைவைத்து அடைகாத்தன. குஞ்சு பொரிந்ததும் இரண்டுமே தொண்டைப் பையில் சுரந்த பாலை ஊட்டின. அவள் தெருத்தெருவாக அறை தேடினாள்; கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு நூல்கண்டைக்கூட மூட்டை கட்டவில்லை. கடைசி நிமிடம் வரை மெஷின் ஓடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள்.

ஒரு நாள் காலையில் குஞ்சுகள் எதிர் மாடிக்குப் பறந்தன. மாப்பிள்ளை தச்சரோடு வந்துவிட்டார். ஆனால் தாய்ப்புறா மட்டும் எழவில்லை. அது லேசாக நகர்ந்தபோது, அடியில் இரண்டு புது முட்டைகள்!

"என்ன மாமா இது?"

"எழுத்துன்னா எழுத்துதான் மாப்பிள்ளை. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே."

மாப்பிள்ளை தடதடவென்று படியிறங்கினார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நல்லவேளை ஐயா, இது இப்பப் பார்த்து முட்டை போட்டுது!"

வீட்டுக்காரர் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முதல் குஞ்சு பறக்கறதுக்குள்ளயே புறா அடுத்த முட்டை போட்டுடும்மா. முப்பது வருஷம் பந்தயப் புறா வளர்த்தவன், தெரியாமலா உன்னை அப்படி எழுதச் சொன்னேன்?"