பாதாளக் குரல்

"அவரு உயிரோட இருக்காரா, இல்லையா? அத மட்டும் சொல்லிடுங்கக்கா."

சலவைக் கடைக்காரி தலையை நிமிர்த்தவில்லை. மேசைமேல் ஒரு வெள்ளைச் சட்டை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பி, அவள் முகத்தை மறைத்துவிட்டுக் கலைந்தது.

"உயிரோடதான்," என்றாள். "குத்துக்கல்லு மாதிரி."

கித்தார்காரன் மூச்சு விட்டான். பக்கத்தில் நின்ற ட்ரம்மர் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "பாத்தியா மச்சான், நான் சொல்லல?"

"நீ எங்கடா சொன்ன? செத்துருப்பாருன்னு பந்தயம் கட்டினவனே நீதான்."

மத்தியான நேரம். கடையில் வேறு ஆள் இல்லை. சுவரோரம் நின்ற இயந்திரங்களின் கண்ணாடிக் கதவுக்குள் யார் யாருடைய துணிகளோ அவசரமில்லாமல் உருண்டுகொண்டிருந்தன. ஒரு சிவப்புத் துண்டு மேலே ஏறி, கொஞ்சம் யோசித்துவிட்டு, விழுந்தது. மறுபடி ஏறியது. தரை லேசாக அதிர்ந்தது. கித்தார்காரனுக்குப் பார்க்கப் பார்க்கக் கண் சொருகியது. மூன்று நாளாக அவன் சரியாகத் தூங்கவில்லை.

கையிலிருந்த பழைய ஒப்பந்தத் தாளை மேசையில் வைத்தான். "ரெக்கார்டு கம்பெனி மூட்டையில கிடந்துச்சுக்கா. பேரு கிடையாது. கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்து, கீழ இந்த விலாசம். பாடினவரு உங்க வீட்டுக்காரராத்தான் இருக்கணும்னு வந்தோம்."

"எந்தக் குழுன்னு சொன்னீங்க?"

"கருங்கல். ராக் குழு."

"கருங்கல்லா? அதுல உங்க மூஞ்சிங்களப் பாத்த ஞாபகமே இல்லையே."

"முதல் ஆளுங்க யாருமே இப்ப இல்லக்கா," என்றான் ட்ரம்மர். "ஒருத்தரு போய்ச் சேந்துட்டாரு. ஒருத்தரு டயர் வியாபாரம். இன்னொருத்தருக்கு போன் போட்டா, அந்தக் கதைய விடுங்கப்பான்னு வச்சிடுறாரு. அவங்க ஒவ்வொருத்தரா வெளிய போகப் போக, நாங்க ஒவ்வொருத்தரா உள்ள வந்தோம். முப்பது வருஷம், ஒம்பது ரெக்கார்டு. ஆனா எங்க போனாலும் ஜனம் கேக்குறது அந்த முதல் ரெக்கார்டத்தான்."

"அந்தக் குரல," என்றான் கித்தார்காரன்.

பதிமூன்று வயதில், காய்ச்சலில் கிடந்தபோது அவன் அதை முதலில் கேட்டான். மனிதக் குரல் என்றே தோன்றவில்லை. கிணற்றுக்கு அடியில் யாரோ பாறையை நகர்த்துகிற மாதிரி இருந்தது. படுத்திருந்த கட்டில் மெல்லக் கீழே இறங்கியது. காய்ச்சல் விட்டது. குரல் விடவில்லை. படிப்பை விட்டான், கிடைத்த வேலையை விட்டான், இந்தக் குழுவில் வந்து சேர்ந்தான். இன்றைக்கும் கண்ணை மூடினால் கட்டில் இறங்கும்.

"அதே மாதிரி பாடுறேன்னு ஆறு பேர் வந்தானுங்க," என்றான் ட்ரம்மர். "ஆறு பேருக்கும் தொண்ட போச்சு. கடைசி ஆள் போன வாரம். இப்ப பொண்டாட்டிகிட்ட எழுதிக் காட்டித்தான் சோறு கேக்குறான்."

அவள் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதீங்கக்கா. ஞாயித்துக்கிழம நிகழ்ச்சி. முதல் குரல் மேடையேறினா அரங்கம் எங்களுக்கு, இல்லன்னா வேற குழுவுக்குன்னு சொல்லிட்டாங்க. அதுவும் போச்சுன்னா கருங்கல் அவ்ளோதான். நான் மச்சினன் கடையில போய் உக்காந்துடுவேன். இவன் என்ன ஆவான்னு இவனுக்கே தெரியாது."

"உங்க வீட்டுக்காரர ஒரே ஒரு பாட்டு பாடச் சொல்லுங்க," என்றான் கித்தார்காரன். "முதல் பாட்டு மட்டும்."

அவள் சட்டையின் கைகளைப் பின்னால் மடித்து, பொத்தான் தெரியத் திருப்பி வைத்தாள்.

"அந்தக் குரல் வராது."

"வயசாச்சு, தெரியும். பாதி வந்தாப் போதும்."

"வயசு இல்ல தம்பி. அப்பவே வரல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ரெக்கார்டுல இருக்கே?"

"ரெக்கார்டுலதான் இருக்கு." பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பதிவு பண்ணின மெஷின்ல ஏதோ கோளாறு. திருப்பிப் போட்டப்ப டேப்பு மெதுவா ஓடுச்சு. பாட்டு மொத்தமும் கனமா, இழுவையா, பாதாளத்துலருந்து வர்ற மாதிரி. எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு. அப்படியே வெளிய விட்டுட்டாங்க. மேடையிலயும் அதே மாதிரி கேக்கணுமேன்னு கித்தார் கம்பியெல்லாம் தளர்த்திக் கட்டினாங்க. கம்பியத் தளர்த்தலாம். தொண்டைய எங்க தளர்த்துறது? கட்டக் குரல்ல கத்துற ஒரு தடியனப் பிடிச்சுட்டு வந்து, ரெக்கார்டுல பாடின ஆள வேணாம்னுட்டாங்க."

ஓர் இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன.

"அப்ப அப்படி ஒரு குரலே கிடையாதா?" என்றான் ட்ரம்மர். "சரிதான். நான் மச்சினனுக்கு போன் போடுறேன்."

கித்தார்காரன் கண்ணை மூடினான். கட்டில் இறங்கவில்லை. முப்பது வருடமாக ஒரு பழுதான டேப் மெஷினைப் போலப் பாட ஆறு பேர் தொண்டையைக் கிழித்திருக்கிறார்கள்.

"கம்பிய மறுபடி ஏத்திக் கட்டுறோம்," என்றான். "ரெக்கார்டு மாதிரி வேணாம். அவருக்கு எது வருமோ, அங்க நாங்க வர்றோம். அவரக் கூப்பிடுங்கக்கா."

அவள் முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தாள். பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வெளியே வந்தாள்.

"அப்ப நல்லா மேல ஏத்திக் கட்டுங்க தம்பி," என்றாள். "என் குரல் மாதிரி எனக்கே பாட வரலன்னுதான அன்னிக்கு என்ன அனுப்பினாங்க."