மரம் இல்லாத வீடு

“உயிரோட இருக்கிற மனுஷனுக்கா அளவெடுக்கறீங்க? முதல்ல வெளிய போங்க!”

தையல்காரம்மா போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தச்சர் கையில் டேப்போடு தலையைக் குனிந்தபடி வெளியே வந்தார். வீடு கட்டுவது போக, சவப்பெட்டி செய்து கொடுப்பவரும் அவர்தான்.

தையல்காரம்மாவின் கணவர் லாரி டிரைவர். விபத்தில் முதுகெலும்பு போய், சக்கரம் வைத்த இரும்புக் கட்டிலே கதி என்று கிடக்கிறார். அந்தக் கட்டிலைப் போய் நீளம் அகலம் அளந்தால் பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்?

டிரைவர் மட்டும் சிரித்தார்.

“விடுடி. எனக்குச் சட்டை தைக்கத்தான் நீ இருக்கியே, நீங்க எதுக்கண்ணே அளவெடுக்கறீங்கன்னு கேட்டேன். திருதிருன்னு முழிக்கறார்.”

“சிரிக்காதீங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது!”

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

தச்சர் மேல் தெருவுக்கு ஏற்கெனவே கடுப்புதான். அங்கிருந்த வீடு எல்லாமே அவர் கட்டியது. சுவர், தரை, கூரை எல்லாம் மரம். ஆனால் இப்போது அதே தெருவில் தனக்கென்று கட்டும் புது வீட்டில் பல் குத்தக்கூட ஒரு குச்சி கிடையாது. சிமெண்ட் கல் சுவர், இரும்புக் கதவு, ஓட்டுக் கூரை. காற்றுத் துவாரத்துக்குக்கூடக் கொசு நுழையாத கம்பிவலை. செடி வைக்க வேண்டிய இடத்தில் சரளைக் கல்லைக் கொட்டி வைத்திருந்தார்.

“ஊருக்கெல்லாம் மரம், தனக்கு மட்டும் கல்லு. நல்லா இருக்கு நியாயம்!” என்றார் பேக்கரிக்காரர்.

“நீங்களும் கூரையையாவது ஓடா மாத்திக்குங்க. பின்னாடி காடு காய்ஞ்சு கிடக்கு,” என்று தச்சர் சொல்லிப் பார்த்தார்.

“பார்த்தியா, நம்மகிட்டயே மறுபடியும் வேலை பிடிக்கப் பார்க்கறார்!”

அதற்குப் பிறகு அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. தச்சரும் வாயைத் திறக்கவில்லை. தன் பாட்டுக்குக் கட்டி முடித்துக் குடி போனார்.

கோடையில் ஒரு மத்தியானம், காடு பற்றிக்கொண்டது.

தெரு காலியாகிவிட்டது. தையல்காரம்மா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

“பாலத்துல பெரிய மரம் விழுந்து எரியுதும்மா. வண்டி வர வழியில்ல.”

“நீ போடி,” என்றார் டிரைவர். குரலில் இப்போது கிண்டல் இல்லை. “பொண்ணு ஸ்கூல்ல இருக்கா. அவளுக்கு நீயாவது வேணும்.”

“வாயை மூடுங்க. உங்களை விட்டுட்டு வந்து அவ முகத்துல நான் எப்படி முழிக்கறது?”

அப்போது தச்சர் உள்ளே ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, ஈரப் போர்வையோடு.

“தங்கச்சி, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். அந்தப் பக்கம் பிடி!”

மூன்று பேருமாகக் கட்டிலை வாசலில் இறக்கி, புகைக்குள் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். தச்சர் வீட்டு வாசலில் படியே இல்லை. சிமெண்ட் சரிவில் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஏறியது. இரும்புக் கதவுக்குள் கட்டில் எங்கேயும் இடிக்காமல் நுழைந்தது. இரண்டு பக்கமும் ஒரு விரல் இடைவெளி.

தையல்காரிக்கு அளவு தெரியாதா? அந்தப் பதற்றத்திலும் அவள் கண் அதைப் பார்த்துவிட்டது.

கதவு மூடியது. நெருப்பு வந்தது.

ஜன்னலின் இரும்புத் தடுப்பில் இருந்த சிறு இடுக்கு வழியாகப் பார்த்தாள். அப்படி ஒரு நெருப்பை அவள் பார்த்ததே இல்லை. தென்னை உயரம்! கண்ணெதிரே அவளுடைய வீடு தையல் மெஷினோடு சரிந்து விழுந்தது. கங்குகள் மழையாக இந்தக் கூரையில் கொட்டின. ஓட்டில் உருண்டு, சரளையில் விழுந்து கறுத்துப் போயின. சுவரைத் தடவிய நெருப்பு வீட்டைச் சுற்றி வந்தது. தின்ன ஒரு துரும்பும் கிடைக்காமல், அப்படியே கடந்து மேலே போய்விட்டது.

அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுவென்று இருந்தது, அவ்வளவுதான்.

“அடேங்கப்பா!” என்றார் டிரைவர். வெறும் கல்லும் இரும்பும் நான்கு உயிரைப் பிடித்து வைத்திருந்ததை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

வெளியே சத்தம் அடங்கியதும் டிரைவர் அசதியில் கண்ணை மூடினார். தையல்காரம்மா தச்சரிடம் போனாள்.

“அன்னிக்கு அளந்தது… இந்தக் கதவுக்கா?”

தச்சர் தலையாட்டினார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே! நான் என்னல்லாம் பேசிட்டேன். ஊரே உங்களைக் கரிச்சுக் கொட்டுச்சே!”

தச்சர் கட்டில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“காட்டுத் தீ வரும்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொன்னேன், தங்கச்சி. உங்க வீட்டுல மட்டும்தான் வாய் வரலை. நமக்கெல்லாம் பயம் வந்தா ஓடிடலாம். அவரால பயந்துக்கிட்டே படுத்திருக்க மட்டும்தானே முடியும்?”